பாஸ், பிஆர், விசா: சிங்கப்பூரில் எதற்கு லாயர், எதற்கு வேண்டாம்

போன வருடம் தேக்கா சாப்பாட்டுக் கடையில் ஒரு தம்பி என் எதிரே வந்து உட்கார்ந்தான். வாங்கி வந்த டீயைத் தொடாமல் ஒரு பழுப்பு உறையை நீட்டினான். உள்ளே ஓர் ‘ஒப்பந்தம்’. நிரந்தரவாசம் வாங்கித் தர மூவாயிரம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அதில் பாதி ஏற்கெனவே கட்டியாயிற்று.

“நீ எந்த பாஸ்?”

“பெர்மிட்டுதான்ணே.”

வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் தன் வேலையைக் காட்டி பிஆருக்கு, அதாவது நிரந்தரவாசத்துக்கு, விண்ணப்பிக்கவே முடியாது. அதற்கு மேல்நிலை வேலை பாஸ்களான இபி (எம்ப்ளாய்மென்ட் பாஸ்), எஸ் பாஸ் வைத்திருப்பவர்களுக்குத்தான் அந்த வழி. இந்த ஒரு வரியை எந்த லாயரும் ஐந்து நிமிடத்தில் சொல்லியிருப்பார். காசு வாங்கிய அந்த ஏஜென்சிக்கும் இது தெரியாமலா இருந்திருக்கும்? தம்பியின் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி திரும்பவில்லை.

நான் லாயர் இல்லை. எஸ் பாஸில் வந்து பிஆர் ஆனவன். கூட வேலை செய்தவர்களின் தாள்களை அடுக்கிக் கொடுத்து, நாலைந்து பேரோடு வழக்கறிஞர் அலுவலகப் படியும் ஏறியவன். அதில் எனக்குப் புரிந்தது ஒன்று. நம் ஆட்கள் லாயர் தேவையில்லாத இடத்தில் காசைக் கொட்டுகிறார்கள், கட்டாயம் தேவைப்படும் இடத்தில் “பாத்துக்கலாம்” என்று இருந்துவிடுகிறார்கள். எங்கே எது என்று தெரிந்துகொள்ளத்தான் இந்த வழிகாட்டி.

படி 1: விஷயம் யார் மேசையில் இருக்கிறது?

வொர்க் பெர்மிட், எஸ் பாஸ், இபி எல்லாம் மனிதவள அமைச்சின் கையில். இபி, எஸ் பாஸ்காரர் குடும்பத்தை அழைத்து வரும் டிபியும் (சார்ந்தோர் பாஸ்) அங்கேதான். பிஆர், குடியுரிமை, மாணவர் பாஸ், சுற்றுலா விசா, சிங்கப்பூரரையோ பிஆரையோ மணந்தவருக்கான நீண்டகால வருகை அனுமதி ஆகியவை குடிநுழைவு, சோதனைச் சாவடிகள் ஆணையத்தின், அதாவது ஐசிஏவின், கையில்.

வேலை பாஸ் விண்ணப்பம் உங்களுடையதே அல்ல என்பது பலருக்குத் தெரிவதில்லை. அதை முதலாளிதான் போட வேண்டும், இல்லாவிட்டால் அவர் அமர்த்திய ஏஜென்சி. நிராகரித்தால் மேல்முறையீடும் அவர்கள் வழியாகத்தான், அதுவும் மூன்று மாதத்துக்குள். நீங்கள் தனியாக ஒரு லாயரைப் பிடித்து “என் இபியை வாங்கிக் கொடுங்க” என்றால் அவரால் நேராகச் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

கணக்கையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். 2025 ஜனவரியிலிருந்து புதிய இபிக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி, நிதித்துறையில் 6,200. வயது ஏற ஏற இதுவும் ஏறும். அதற்கு மேல் காம்பஸ் என்கிற புள்ளி முறையில் 40 புள்ளி எடுக்க வேண்டும். எஸ் பாஸுக்கு 2025 செப்டம்பரிலிருந்து 3,300. மனைவி பிள்ளைகளுக்கு டிபி எடுக்க உங்கள் மாதச் சம்பளம் 6,000 இருக்க வேண்டும். அப்பா அம்மாவை நீண்டகால வருகை அனுமதியில் கூட்டிவர 12,000. சம்பளம் 5,200 இருக்கிறவருக்கு எந்தப் பெரிய சட்ட நிறுவனமும் டிபி வாங்கித் தர முடியாது. இந்த எண்கள் அடிக்கடி மாறும் என்பதால் விண்ணப்பிக்கும் அன்று அமைச்சின் இணையத்தளத்தைத் திறந்து பாருங்கள். இபி, எஸ் பாஸ் கிடைக்குமா என்று சுயமாகச் சோதித்துப் பார்க்கும் கருவியும் அங்கே இலவசமாக இருக்கிறது.

படி 2: லாயர் வேண்டாத வேலைகளைத் தள்ளி வையுங்கள்

அம்மாவுக்கு வருகை விசா. இந்தியக் கடவுச்சீட்டுக்கு விசா தேவை. இங்குள்ள சிங்கப்பூரரோ பிஆரோ சிங்பாஸ் என்கிற அரசாங்க இணையக் கணக்கு வழியாகப் போடலாம், ஊரில் அங்கீகாரம் பெற்ற விசா ஏஜெண்ட் வழியாகவும் போடலாம். அரசாங்கக் கட்டணம் 30 வெள்ளி, நிராகரித்தால் திரும்பாது. விசா கையில் இருந்தாலும் எத்தனை நாள் தங்கலாம் என்பதைச் சோதனைச் சாவடியில் வரும் அனுமதிதான் சொல்லும். அந்தத் தேதியைப் பார்க்காமல் விசா தேதியையே நம்பி, அதிக நாள் தங்கி மாட்டியவர்கள் உண்டு.

வருகை அட்டை என்கிற எஸ்ஜி அரைவல் கார்டு முழுக்க இலவசம். வருவதற்கு மூன்று நாளுக்குள் இணையத்தில் நிரப்பினால் போதும். அதற்குக் காசு கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள்.

பிஆர் விண்ணப்பமும் பெரும்பாலும் நாமே செய்யக்கூடியதுதான். கட்டணம் ஓர் ஆளுக்கு 100 வெள்ளி, இதுவும் திரும்பாது. சிங்பாஸில் நுழைந்து நிரப்பும் படிவம், கேள்விகள் நேரானவை. ஏஜென்சிகள் “கவர் லெட்டர்” என்று பளபளப்பான நாலு பக்கம் எழுதித் தருவார்கள். அதிகாரி பார்ப்பது சம்பளம், படிப்பு, குடும்பம், எத்தனை வருடம் இருந்தீர்கள் போன்றவற்றை. நிராகரித்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். அதனால்தான் “எங்களுக்கு உள்ளே ஆள் இருக்கு” என்று சொல்கிறவர்களுக்குக் கொண்டாட்டம்!

படி 3: இந்த இடங்களில் தயங்காமல் லாயரிடம் போங்கள்

காலாவதியான பாஸில் தங்கிவிட்டால்: 90 நாளைத் தாண்டினால் சட்டத்தில் ஆறு மாதம் வரை சிறையும், ஆண்களுக்குக் குறைந்தது மூன்று பிரம்படியும் உண்டு. அதற்குக் குறைவான நாளுக்கும் அபராதம் அல்லது சிறை. தானாகப் போய்ச் சொல்வதா, எப்படிச் சொல்வது என்பதை லாயரிடம் கேட்டுவிட்டு நகருங்கள். நண்பர் சொன்ன யோசனையை நம்பி இங்கே நடக்காதீர்கள்.

விண்ணப்பத்தில் பொய் போயிருந்தால்: போலிச் சான்றிதழ், ஏற்றிக் காட்டிய சம்பளம், மறைத்த பழைய வழக்கு, முன்பு வேறு பெயரில் வந்து போனது. வேலை பாஸ் விண்ணப்பத்தில் பொய்த் தகவலுக்கு 20,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு ஆண்டு வரை சிறை. “ஏஜெண்ட்தான் நிரப்பினார், நான் கையெழுத்து மட்டும் போட்டேன்” என்பதை எளிதில் ஏற்க மாட்டார்கள். சோதனைச் சாவடியில் கருவிழியும் முகமும் விரல்ரேகையும் பார்க்கும் காலத்தில் புதுக் கடவுச்சீட்டு பழைய கதையை மறைக்காது.

கல்யாணம்: இதில்தான் நம் ஆட்கள் அதிகம் சறுக்குகிறார்கள். வொர்க் பெர்மிட்டில் இருப்பவர் சிங்கப்பூரரையோ பிஆரையோ மணக்க மனிதவள அமைச்சின் முன் அனுமதி வேண்டும். பெர்மிட் முடிந்து ஊருக்குப் போய்விட்டாலும், கல்யாணம் மதுரையில் நடந்தாலும் இந்த விதி தொடரும். அனுமதி இல்லாமல் தாலி கட்டிவிட்டு அப்புறம் வருகை அனுமதிக்கு விண்ணப்பித்தால் வாசலிலேயே சிக்கல்தான். சிங்கப்பூரரை மணக்கப் போகிற மற்ற வெளிநாட்டவர்கள், கல்யாணத்துக்கு முன்பே நீண்டகால வருகை அனுமதிக்கான முன்மதிப்பீட்டை ஐசிஏவிடம் கேட்டு வைப்பது நல்லது. காசுக்காகப் போலிக் கல்யாணம் செய்தால் பத்து ஆண்டு வரை சிறை.

மணமுறிவு: கணவர் சிங்கப்பூரர், மனைவி ஊரிலிருந்து வந்து வருகை அனுமதியில் இருக்கிறார். அந்த அனுமதிக்குப் பொறுப்பாளர் கணவர்தான். சண்டை முற்றி அவர் கையெழுத்தைத் திரும்பப் பெற்றால், பிள்ளை இங்கே, தாய் விமானத்தில் என்று ஆகிவிடலாம். விவாகரத்து, பிள்ளைப் பராமரிப்பு, அனுமதி நீட்டிப்பு மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த குடும்ப லாயர் இங்கே வேண்டும். அனுமதி முடிய இரண்டு வாரம் இருக்கும்போது போகாதீர்கள். சண்டை தொடங்கிய மாதத்திலேயே போங்கள்.

மகனும் தேசிய சேவையும்: பெற்றோர் வழியாகப் பிஆர் ஆன மகன் பதினாறரை வயதில் பதிந்து, இரண்டு ஆண்டு முழுநேரச் சேவை செய்ய வேண்டும். “படிப்பு கெடும், பிஆரைத் திருப்பிக் கொடுத்துடலாம்” என்று குடும்பத்துக்குள் முடிவெடுக்கும் முன் சட்ட ஆலோசனை கேளுங்கள். சேவை செய்யாமல் விலகுவது அந்தப் பையன் பிறகு இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பிக்கும்போது கணக்கில் வரும். பெற்றோரின் சொந்த விண்ணப்பங்களையும் அது பாதிக்கலாம்.

ஒரு கசப்பான உண்மையும் இருக்கிறது. குடிநுழைவுச் சட்டத்தின் 39ஏ பிரிவின்படி, அமைச்சரோ குடிநுழைவுக் கட்டுப்பாட்டாளரோ எடுத்த முடிவு சரியா தவறா என்று நீதிமன்றம் பார்க்காது. சட்டம் சொன்ன நடைமுறையைப் பின்பற்றினார்களா என்பதை மட்டுமே கேட்கலாம். அதனால் “பிஆர் மறுத்துட்டாங்க, கேஸ் போடலாம்” என்று ஒரு லாயர் உற்சாகமாகச் சொன்னால் நன்றி சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

படி 4: பெயர்களை ஒரே கோட்டுக்குக் கொண்டு வாருங்கள்

என் சொந்த உறையைப் பிரித்துக் காட்டுகிறேன். பிறப்புச் சான்றிதழில் ‘செந்தில்குமார்’, ஒரே சொல். பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலில் ‘செந்தில் குமார் எம்’. கடவுச்சீட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயர்க் கட்டத்தில் ஏறி ‘முத்தையா செந்தில் குமார்’. திருமணச் சான்றிதழில் எழுத்தர் கைவண்ணத்தில் ‘செந்தில்’லுக்கு ஓர் எச் அதிகம். எனக்கு இது நான்கும் ஒரே ஆள். நம் இனிஷியல் வழக்கம் தெரியாத அதிகாரிக்கு நான்கு பேர்.

நான் செய்தது இவ்வளவுதான். ஒரு தாளில் நான்கு கட்டம் போட்டேன்: எந்த ஆவணம், அதில் பெயர் எப்படி, பிறந்த தேதி என்ன, அப்பா பெயர் எப்படி. எங்கெங்கே ஒட்டவில்லையோ அங்கே சிவப்புப் பேனா. பெரிய வித்தியாசத்துக்கு, இவை எல்லாம் ஒருவரையே குறிக்கும் என்று சத்தியப் பிரமாண வாக்குமூலம் எழுதி, ஆணையர் முன் கையெழுத்திட்டேன். பல சட்ட அலுவலகங்களில் இதற்கான சத்தியப் பிரமாண ஆணையர் ஒருவர் இருப்பார். பிறந்த தேதியே மாறியிருந்தால் வாக்குமூலத்தால் தீராது, ஊரில் சான்றிதழைத் திருத்தியாக வேண்டும். அதற்கு மாதங்கள் ஆகும் என்பதால் முதல் வேலையாக அதைத் தொடங்குங்கள்.

தமிழில் மட்டும் உள்ள பழைய சான்றிதழ்களுக்கு ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும். வீட்டில் தட்டச்சு செய்தது செல்லாது. நோட்டரி அல்லது தூதரகச் சான்றுடன் கொடுங்கள். இந்திய ஆவணத்துக்கு அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டு ஆவணத்தை இன்னொரு நாடு ஏற்க வைக்கும் சான்று) கேட்டால் அதை இந்திய வெளியுறவு அமைச்சு வழியாக அங்கேதான் வாங்க வேண்டும். சிங்கப்பூர் அப்போஸ்டில் உடன்படிக்கைக்குள் வந்தது 2021 செப்டம்பரில். இங்கே வழங்கிய ஆவணத்தை ஊரில் காட்டவும் இப்போது அதே முத்திரை போதும்.

படி 5: எதிரே இருப்பவர் யார் என்று பாருங்கள்

வழக்கறிஞர், வேலைவாய்ப்பு ஏஜென்சி, ‘குடிநுழைவு ஆலோசகர்’ மூவரும் வெவ்வேறு ஆட்கள்.

வழக்கறிஞர் என்றால் அந்த ஆண்டுக்கான தொழில் சான்றிதழ் அவரிடம் இருக்க வேண்டும். சட்ட அமைச்சின் இணையத்தளத்திலும் சிங்கப்பூர் வழக்கறிஞர் சங்கத்தின் தளத்திலும் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். அவரிடம் நீங்கள் சொல்வது சட்டப்படி ரகசியம். ஆலோசகரிடம் சொன்னதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. மறைத்த பழைய கதை உள்ளவர்கள் இந்த வித்தியாசத்தை நன்றாக மனதில் வையுங்கள்.

ஏஜென்சி என்றால் மனிதவள அமைச்சின் உரிமம் வேண்டும். அமைச்சின் ஏஜென்சிப் பட்டியலில் நிறுவனத்தையும், உங்களோடு பேசுகிற ஆளின் பதிவு எண்ணையும் தேடலாம். ஊழியரிடம் அவர்கள் வாங்கக்கூடியது வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம். வேலை கொடுப்பதற்கோ பெர்மிட்டைப் புதுப்பிப்பதற்கோ முதலாளி உங்களிடம் காசு வாங்கினால் அது குற்றம். 30,000 வெள்ளி வரை அபராதமும் இரண்டு ஆண்டு வரை சிறையும் அவருக்குத்தான்.

ஆலோசகர் என்ற பெயர்ப் பலகையை யாரும் மாட்டலாம். எல்லாரும் மோசடிக்காரர்கள் என்று சொல்லவில்லை, படிவம் நிரப்ப நேரமில்லாதவருக்கு அவர்கள் ஒரு வசதி. ஆனால் “நூறு சதவீதம்” என்ற சொல் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது: தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு. பெரும்பாலும் வாரம் ஒரு மாலை, ஏதோ ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் நடக்கும். சிங்கப்பூரரான உங்கள் மனைவியோ மாமனாரோ போய் நிலைமையைச் சொன்னால் அமைச்சுக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார்கள். முடிவெடுப்பது உறுப்பினர் இல்லை என்றாலும், புது விவரம் இருக்கும்போது அந்தக் கடிதத்தோடு மனு அனுப்புவதில் தவறில்லை. இதற்குக் காசு கிடையாது.

படி 6: காசில்லாவிட்டால்

அரசாங்கத்தின் சட்ட உதவிப் பிரிவு சிங்கப்பூரர்களுக்கும் பிஆர்களுக்கும் மட்டும்தான், வருமானச் சோதனையும் உண்டு. புரோ போனோ எஸ்ஜி என்ற தொண்டு அமைப்பு நடத்தும் இலவச சட்ட ஆலோசனை அமர்வுகளுக்கு முன்பதிவு செய்யலாம். பதிவு செய்யும்போதே நீங்கள் எந்த பாஸில் இருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள், பொருத்தமான அமர்வுக்கு அனுப்புவார்கள்.

பெர்மிட்டில் இருக்கும் தொழிலாளிகளுக்கு வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிடபிள்யூசி2, ஹோம் போன்ற அமைப்புகள் உள்ளன. சம்பளப் பாக்கி, வேலையிடக் காயம் ஆகியவற்றுக்கு இவர்களிடமே முதலில் போங்கள், தமிழில் பேசலாம். வழக்கு முடியும்வரை தங்குவதற்கு அரசாங்கத்தில் சிறப்பு பாஸ் என்று ஒன்று தருவார்கள். அதில் தங்கலாமே தவிர, தனியாக அனுமதி தந்தாலொழிய வேலை செய்யக்கூடாது. கூலிக்கு ஆசைப்பட்டு ஒரு நாள் மூட்டை தூக்கப் போய், நியாயமான வழக்கையும் கெடுத்துக்கொண்டவரை எனக்குத் தெரியும்.

கைதானால் லாயரோடு பேசும் உரிமை அரசியலமைப்பின் 9ஆம் பிரிவில் இருக்கிறது. உடனே அந்த நிமிடமே என்றில்லை, நியாயமான நேரத்துக்குள். வாக்குமூலம் எழுதும்போது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேளுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

படி 7: லாயரைப் பார்க்கும் நாள்

இலவச அமர்வு என்றால் இருபது நிமிடம் போலத்தான் கிடைக்கும். பாதி நேரம் “அது வந்து சார், எங்க மாமா பையன்தான் மொதல்ல…” என்றே போய்விடும். அதனால் ஒரே பக்கத்தில் தேதி வரிசை எழுதிக்கொண்டு போங்கள். என் நண்பர் கொண்டுபோனது கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

2017 ஜூன்: பெர்மிட்டில் வந்தேன், கட்டுமானம்.
2019 மே: பெர்மிட் ரத்து, ஊருக்குப் போனேன்.
2021 நவம்பர்: எஸ் பாஸில் திரும்ப வந்தேன், வேறு நிறுவனம்.
2024 பிப்ரவரி: பிஆர் பெண்ணோடு நிச்சயம். இன்னும் பதிவு செய்யவில்லை.
கேள்வி: பழைய பெர்மிட் இருந்ததால் கல்யாணத்துக்கு அமைச்சின் அனுமதி வேண்டுமா?

லாயர் அதைப் படித்துவிட்டு முதல் நிமிடத்திலேயே விஷயத்துக்கு வந்தார். கதையாகச் சொல்லியிருந்தால் 2017ஆம் ஆண்டுப் பெர்மிட்டை நண்பர் குறிப்பிட்டிருக்கவே மாட்டார், ‘அது பழசுதானே’ என்று விட்டிருப்பார்.

கடவுச்சீட்டின் எல்லாப் பக்கங்கள், பழைய பாஸ்களின் நகல், ஐசிஏவோ அமைச்சோ அனுப்பிய கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கடிதத்தில் பதில் அனுப்பக் கெடு இருந்தால் அந்தத் தேதியைத் தாளின் தலையில் பெரிதாக எழுதுங்கள்.

கட்டணத்தை வெட்கப்படாமல் கேளுங்கள். மொத்தத் தொகையா, மணிக்கணக்கா? மேல்முறையீடு அதில் சேருமா, தனியா? அரசாங்கக் கட்டணம் யார் பொறுப்பு? பதிலை எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் முன்பணமாகத் தருவது வழக்கறிஞர் நிறுவனத்தின் கட்சிக்காரர் கணக்கில் போக வேண்டும். தனிப்பட்ட பேநவ் (கைபேசிப் பணமாற்று) எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் நிறுத்துங்கள்.

படி 8: அனுப்பிய பிறகு

அனுப்பிய படிவத்தின் முழு நகலை வாங்கி வையுங்கள். அடுத்த முறை விண்ணப்பிக்கும்போது முன்பு என்ன சொன்னோம் என்று தெரியாமல் வேறொன்று எழுதிவிட்டால், அதுவே பொய்த் தகவலாகிவிடும். சிங்பாஸ் கடவுச்சொல்லை யாரிடமும் கொடுக்காதீர்கள், லாயரானாலும் சரி.

நிராகரித்தால் அதே தாள்களை அடுத்த வாரமே திரும்ப அனுப்புவதில் பயனில்லை. சம்பளம் கூடியது, குழந்தை பிறந்தது, படிப்பு முடிந்தது என்று ஏதாவது மாறியிருந்தால் போடுங்கள்.

ஏமாந்துவிட்டால், ஏஜென்சி மீது மனிதவள அமைச்சிடமும் வழக்கறிஞர் மீது வழக்கறிஞர் சங்கத்திடமும் எழுத்தில் புகார் கொடுக்கலாம். ஆலோசகரிடம் கொடுத்த காசுக்குச் சிறு கோரிக்கை மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரை, இரண்டு ஆண்டுக்குள், லாயர் இல்லாமல் நாமே போகலாம். தேக்காவில் என் எதிரே உட்கார்ந்த தம்பியிடம் இதைச் சொன்னேன். ரசீது இருக்கிறதா என்று கேட்டதற்கு உறையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினான். ஒப்பந்தத் தாளும் இரண்டு கடவுச்சீட்டுப் புகைப்படங்களும் மட்டும் விழுந்தன.